கறுப்பு மையில் ஒரு ஆளை உருவாக்குவது: பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் கேரக்டர் டிசைன் சொல்லித்தர முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்து உட்காருவோம். ஏழாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எட்டு ஒன்பது பிள்ளைகள். "என்னடா வரையப் போறே?" என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "கேரக்டர் சார்." சரி, வரை என்றால் ஒரு முகம் வரும். பெரிய கண், கூரான தாடை, நெற்றியில் விழுந்த முடி. கழுத்துக்குக் கீழே ஒன்றும் இருக்காது. தப்பித்தவறி உடம்பு இருந்தால், கை வரைய வராது என்பதால் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

அந்த முகத்துக்கு உடம்பும் கையும் ஊரும் வேலையும் கொடுப்பதற்கான வழிகாட்டி இது. கேரக்டர் டிசைன் என்றால் யார் இந்த ஆள் என்று முடிவு செய்து, பார்த்த மாத்திரத்தில் அது தெரியும்படி வரைவது. பென்சிலில் அந்த முடிவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கலாம்; லேசாகப் போடலாம், அழிக்கலாம், விரலால் தேய்த்து மங்கலாக்கலாம். மையில் அது நடக்காது. வைத்தால் கறுப்பு, வைக்காவிட்டால் வெள்ளை. அதனால்தான் நான் கலரைக் கிட்டவே விடுவதில்லை, குறைந்தது முதல் பத்து வாரத்துக்கு. வாரத்துக்கு ஒரு வகுப்பு, ஒன்றரை மணி நேரம். கீழே உள்ள வரிசை அந்தக் கணக்கில் போட்டது.

சாமான்கள்

தாள்: ஜெராக்ஸ் பேப்பர் வேண்டாம். அது 70, 75 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு) இருக்கும்; நிப் பட்டதும் மை நாலா பக்கமும் வேர் விட்ட மாதிரி ஊறிவிடும். தாளுக்கும் கஞ்சி உண்டு, வேட்டிக்குப் போடுகிற மாதிரி. கஞ்சி நன்றாக ஏறிய தாளில் மை மேலேயே நிற்கும். கார்ட்ரிட்ஜ் பேப்பர் 130 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் வாங்கினால் போதும். பயிற்சிக்கு வழவழப்பான பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நன்றாக இருக்கிறது, காசும் மிச்சம்.

மை: பாட்டிலில் 'வாட்டர்புரூஃப்' என்று போட்டிருக்கும் டிராயிங் இங்க். இதில் நான் ஒரு தடவை பட்டுவிட்டேன். அவசரத்துக்குப் பவுண்டன் பேனா மையை ஊற்றிக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூன்று வாரம் போட்ட படத்துக்குத் தண்ணீர் கலந்த சாம்பல் நிழல் கொடுக்கப் போனாள். பிரஷ் பட்டதும் முகம் முழுக்க நீலமாகக் கரைந்து ஓடியது. அந்த மை சாயம், தண்ணீரில் கரையும். டிராயிங் இங்க் கரித்தூளில் செய்வது. கூடவே கலந்திருக்கும் அரக்கு போன்ற பொருள் காய்ந்ததும் கரியைத் தாளோடு பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் அதைப் பவுண்டன் பேனாவில் ஊற்றக் கூடாது. உள்ளே காய்ந்தால் பேனா போச்சு.

எழுதுகோல்: தொட்டு வரையும் நிப் ஒன்று, ஹோல்டர் ஒன்று, உருண்டை பிரஷ் 2, 6 எண்களில் ஒவ்வொன்று. புது நிப்பில் துரு பிடிக்காமல் இருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள்; சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காவிட்டால் மை ஒட்டாது. பிள்ளைகள் "நிப் வேலை செய்யல சார்" என்று வருவது முக்கால்வாசி இதனால்தான். இவை தவிர விளக்குமாற்றிலிருந்து நாலு ஈர்க்குச்சி, கடற்கரை சவுக்குத் தோப்பில் பொறுக்கிய சுள்ளி. இவை இலவசம், ஆனால் இவை போடும் கோட்டை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பாட்டிலை யார் கையிலும் கொடுக்காதீர்கள். பாட்டில் மூடியை ஒரு அட்டையில் டேப் போட்டு ஒட்டி, அதில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுங்கள். தட்டிவிட்டாலும் ஒரு கைக்குட்டையோடு போய்விடும். எங்கள் வீட்டு மொசைக் தரையில் இருக்கும் கறுப்புத் திட்டு, இந்த யோசனை வருவதற்கு முந்தைய காலத்தது.

ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு சிக்கல். கடலோரக் காற்றில் தாள் நமத்துப் போய், நல்ல தாளிலும் மை ஊறும். தாள்களை பிளாஸ்டிக் கவரில் மூடி பீரோவில் வையுங்கள். வகுப்புக்கு முன்னால் இரண்டு செய்தித்தாளுக்கு நடுவே வைத்து லேசான சூட்டில் இஸ்திரி போட்டால் சரியாகிவிடும்.

முதல் வாரம்: ரப்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்

வாசலில் செருப்பு, மேஜையில் ரப்பர். இரண்டையும் விட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும். பென்சிலும் கிடையாது.

முதல் பக்கம் முழுக்கக் கோடு. நிப்பை அதன் நடுவில் இருக்கும் சின்னக் கண் வரை மட்டும் மையில் தொட்டு, மூடி விளிம்பில் ஒற்றி, தன்னை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள். எதிர்ப்பக்கம் தள்ளினால் நிப் தாளில் குத்தி மை தெறிக்கும். அழுத்தினால் கோடு தடிக்கும், விட்டால் மெலியும். ஒரே கோட்டில் மெலிவிலிருந்து தடிமனுக்குப் போய்த் திரும்பி வரப் பழக வேண்டும். இடக்கைப் பிள்ளைகளுக்குத் தாளைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், கை ஈர மையில் உரசாது. இரண்டாவது பக்கத்தில் இணைகோடு, குறுக்குக்கோடு, புள்ளி, காய்ந்த பிரஷால் இழுத்த சொரசொரப்பு. மூன்றாவது பக்கத்தில் ஈர்க்குச்சியால் ஒரு காக்கா. காக்கா ஏன் என்றால், அது கறுப்பாகவே இருப்பதால் யாரும் பயப்படுவதில்லை.

இரண்டாவது வாரம்: துறைமுகம்

இந்த வாரம் வகுப்பு மாடியில் இல்லை. விடியற்காலை கடலூர் முதுநகர், எங்கள் பேச்சில் ஓ.டி., துறைமுகத்துக்குப் போய்விடுவோம். படகுகள் வந்து மீன் இறங்கும் நேரம் அங்கே கேரக்டருக்குப் பஞ்சமே இல்லை. ஏலம் கூறுகிறவர், அன்னக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு விலை பேசும் அம்மா, வலை பின்னும் தாத்தா, ஐஸ் கட்டியைத் தோளில் தூக்கிப் போகிறவர். உங்களுக்குத் துறைமுகம் தூரமென்றால் பேருந்து நிலையம் போதும், உழவர் சந்தை போதும். புதுச்சேரிக்காரர்களுக்குப் பெரிய மார்க்கெட் இருக்கவே இருக்கிறது.

உட்கார்ந்து ஒருவரைப் படம் பிடிக்கிற மாதிரி வரைகிறீர்கள் என்றால் கேட்டுவிட்டு வரையப் பழக்குங்கள். "அண்ணே, உங்கள வரையட்டுமா?" என்று கேட்கவே வெட்கப்படும் பிள்ளைகள் இருக்கிறார்கள். முதல் ஆளிடம் நான் கேட்பேன், இரண்டாவது ஆளிடம் அவர்கள்.

ஒரு ஆளுக்கு அரை நிமிடம்தான். முகம் வரையக் கூடாது. மூன்று விஷயம் மட்டும் தாளில் வர வேண்டும்: கையில் என்ன இருக்கிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது, உடம்பில் எதைக் கட்டியிருக்கிறார். பக்கத்தில் ஒரு வரி எழுதலாம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஐஸ் தூக்கும் அண்ணனைப் பார்த்து எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: "தோள்ல கோணிச்சாக்கு. ஒரு பக்கம் சாஞ்சி ஓடுறாரு. நிக்கவே மாட்டேங்கிறாரு." அந்த மூன்று வரியிலேயே கேரக்டர் வந்துவிட்டது. மிச்சமெல்லாம் அவனுக்குப் படமாக்குகிற வேலைதான்.

மூன்றாவது, நான்காவது வாரம்: நிழலுரு

பத்து வாரத்தில் எதையாவது விட்டே ஆக வேண்டும் என்றால் வேறு எதை வேண்டுமானாலும் விடுங்கள், இதை விடாதீர்கள்.

ஒரு தாளில் தீப்பெட்டி அளவில் 12 கட்டம். 6-ஆம் எண் பிரஷை மையில் தோய்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் துறைமுகத்தில் பார்த்த ஒரே ஆளை முழுக் கறுப்பாக, உள்ளே கண் மூக்கு எதுவும் இல்லாமல், ஒரு நிமிடத்தில் போட வேண்டும். முதல் நாலும் ஒரே மாதிரி பொம்மை போல வரும். ஐந்தாவதில் அலுப்பு தட்டும். எட்டாவதுக்கு மேல்தான் வேடிக்கை. தோளை ஏற்றுவார்கள், காலை அகட்டுவார்கள், சாக்கைப் பெரிதாக்குவார்கள்.

அப்புறம் எல்லாத் தாளையும் சுவரில் ஒட்டிவிட்டுப் பத்தடி பின்னால் வரச் சொல்லுங்கள். வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. மற்றவர்கள் சொல்ல வேண்டும்: இவர் என்ன வேலை செய்கிறார், வயசு என்ன, அவசரத்தில் இருக்கிறாரா? யாருக்கும் தெரியவில்லையென்றால் அந்தக் கட்டம் கழிந்தது. பிள்ளைகள் ஒருவர் படத்தை ஒருவர் குறை சொல்லாமல் விமர்சிக்க இதைவிட நல்ல விளையாட்டு எனக்குத் தெரியாது.

உதாரணம் காட்ட வெளிநாட்டு கார்ட்டூன் எதுவும் தேவையில்லை. ஒரு முண்டாசையும் முறுக்கு மீசையையும் கறுப்பாகப் போட்டால் பாரதி என்று ஆறு வயசுக் குழந்தையும் சொல்லும். அவர் 1908-இல் புதுச்சேரிக்கு வந்து பத்தாண்டு வாழ்ந்தவர். தான் ஆசிரியராக இருந்த 'இந்தியா' இதழில் கருத்துப்படங்களைப் போட்டவர். கோட்டின் பலம் தெரிந்த மனிதர் பின்னாளில் தானே ஒரு கோட்டுருவமாகிப் போனார். புதுச்சேரி காவலரின் தொப்பியையும் காட்டலாம். பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன அந்தத் தொப்பிக்கு சிவப்புதான் அடையாளம் என்று நினைப்போம். கறுப்பில் போட்டுப் பாருங்கள். உருளையான உடலும் தட்டையான மேற்புறமுமாக அது அப்போதும் அதே தொப்பிதான்.

எல்லாவற்றுக்கும் மேலே நம் பக்கத்துத் தெருக்கூத்து. விடிய விடிய, மங்கிய வெளிச்சத்தில், கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் யார் வந்திருக்கிறார் என்று தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் தோளைவிட்டு வெளியே நீளும் புஜக்கட்டை, ஆளை அகலமாக்கும் பாவாடை, பெரிய கிரீடம். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனுக்கு இந்தச் சுமையெல்லாம் கிடையாது, அதனால்தான் அவனால் துள்ள முடிகிறது. ராஜாவையும் கட்டியங்காரனையும் அருகருகே நிழலுருவாகப் போடச் சொல்லுங்கள்; யார் அதிகாரம், யார் கிண்டல் என்று படமே சொல்லும்.

ஐந்தாவது வாரம்: வடிவமும் உயரமும்

வட்டம், சதுரம், முக்கோணம். இணையத்தில் தேடினால் வட்டம் நல்லவன், சதுரம் உறுதியானவன், முக்கோணம் வில்லன் என்று ஒரு பட்டியல் கிடைக்கும். பிள்ளைகள் அதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பார்கள். தெரிந்துகொள்ளட்டும், ஆனால் உடனே உடைக்கவும் சொல்லுங்கள். துறைமுகத்தில் பார்த்த அன்னக்கூடை அம்மா சரியான முக்கோணம். அகலமான அடி, கூரான நாக்கு. ஆனால் கூட வந்த பிள்ளைகளுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தது அவர்தான்.

உயரத்தைத் தலைக்கணக்கில் பேசுங்கள். வளர்ந்த ஆளின் உயரம் அவர் தலையைப் போல் ஏறக்குறைய 7 முதல் 7½ மடங்கு. நாலு மடங்காகக் குறைத்தால் கார்ட்டூன், ஒன்பதாக நீட்டினால் சூப்பர் ஹீரோ. ஒரே ஆளை 3, 5, 7, 9 தலையில் வரிசையாக வரையச் சொல்லி, எது அவர் என்று அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது வாரம்: ஆளை விசாரிப்பது

இங்கே பிள்ளைகள் பக்கம் பக்கமாகக் கதை எழுதக் கிளம்பிவிடுவார்கள். அப்பா அம்மா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார்கள், பழி வாங்க வேண்டும், இடது கையில் ரகசிய சக்தி. இதில் எதுவும் படத்தில் தெரியாது. படத்தில் தெரிகிற பதில் வரும்படி கேளுங்கள். சட்டைப் பையில் என்ன இருக்கிறது? எந்தச் செருப்பு, எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? எதைத் தொலைத்தால் இவருக்குத் தூக்கம் வராது? மழை வந்தால் தலையில் எதைப் போட்டுக்கொள்வார்?

அனிமேயை, அதாவது ஜப்பானிய கார்ட்டூன் பாணியை, தடை செய்யாதீர்கள். தடுத்தால் நோட்டுக்குக் கடைசிப் பக்கத்தில் வரைவார்கள், அவ்வளவுதான். "சரி, இவன் கடலூரில் இருந்தா எந்த பஸ்ல போவான்? பஸ் பாஸ் எங்க வச்சிருப்பான்?" என்று கேட்டால் போதும், கேட்ட மறுவாரம் அந்தப் பெரிய கண்காரனுக்கு ஒரு பையும், பை வாரில் ஒரு பின்னூசியும் வந்துவிடும்.

ஏழாவது, எட்டாவது வாரம்: கறுப்பை எங்கே வைப்பது

இனி நிழலுருவுக்குள்ளே வெள்ளையைத் திறக்க வேண்டும். என் விதி எளிது. ஒரு படத்தில் முழுக் கறுப்பு, முழு வெள்ளை, இவற்றோடு ஒரே ஒரு நடுத்தரம். அது கோடாகவோ புள்ளியாகவோ இருக்கலாம். முதல் வாரத்தின் மூன்று பக்கத்திலும் கற்றதையெல்லாம் ஒரே படத்தில் கொட்டினால் படம் சொறி பிடித்த மாதிரி ஆகிவிடும். முதலில் பெரிய கறுப்பை முடிவு செய்யுங்கள்: தலைமுடியா, குடையா, நனைந்த லுங்கியா? அந்தக் கறுப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளை இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கண் முதலில் போய் நிற்கும் இடம் அதுதான். ஓவியர் ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் காந்திகளைக் காட்டி, தாளில் எவ்வளவு இடத்தை அவர் தொடவே இல்லை என்று எண்ணச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நின்று பேசியே ஆக வேண்டும். மை ஓவியத்தில் தோலுக்கு ஒன்றும் செய்யாமல் வெள்ளையாக விட்டுவிடுவது வழக்கம். அதனால் கடலூர் வெயிலில் ஐஸ் தூக்குகிறவர்கூடத் தாளில் மாநிறம்கூட இல்லாமல் வெள்ளைக்காரராகிவிடுகிறார். அப்புறம் வில்லனுக்கு மட்டும் முகத்தில் கோடு கோடாகப் போட்டுக் கறுப்பாக்குவார்கள். ஏன் என்று கேட்டால், "வில்லன்னா அப்படித்தானே சார்." இதைச் சொன்ன பையனின் நிறம் என் நிறம்தான். அன்றைக்கு வகுப்பில் வேறு எதுவும் நடத்தவில்லை.

கறுத்த தோலை மையில் கொண்டுவர வழி இருக்கிறது. முகத்தின் மேடுகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள்: நெற்றி, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதட்டின் நடு. வியர்வை மின்னும் இடங்கள் இவை. தாளின் வெள்ளையே இங்கே நிற்கட்டும். மற்ற இடமெல்லாம் இணைகோடு. ஆனால் கோடு தட்டையாகப் போகக் கூடாது. கன்னம் வளைந்தால் கோடும் வளைய வேண்டும், புஜத்தைச் சுற்றி வளையல் மாதிரி ஓட வேண்டும். தாடைக்கு அடியில், கண்குழியில், கழுத்தில் மட்டும் குறுக்குக்கோடு. தலைமுடி முழுக் கறுப்பு. முடிக்கும் நெற்றிக்கும் நடுவே நூல் அளவு வெள்ளை விட்டால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. துண்டையும் பல்லையும் வெள்ளையாக விடுங்கள். அந்த எட்டாம் வகுப்புப் பையன் இந்த முறையில் ஐஸ் அண்ணனைப் போட்டபோது, தோளில் இருந்த ஐஸ் கட்டி தானாகவே பளபளத்தது. ஐஸுக்கு அவன் ஒரு கோடுகூடப் போடவில்லை.

ஒன்பதாவது வாரம்: திருப்பிப் பார்ப்பது

முன்பக்கம், முக்கால் பக்கம், பக்கவாட்டு, முதுகு. நாலையும் ஒரே தாளில். உச்சந்தலை, தாடை, இடுப்பு, முட்டி, பாதம் என ஐந்து இடத்தில் குறுக்கே லேசான பென்சில் கோடு இழுத்துக்கொண்டால் உயரம் மாறாது. ஆமாம், இந்த வாரம் பென்சிலுக்கு அனுமதி உண்டு. இங்கே எல்லோரும் தவறுவது இடம் வலத்தில். இடது தோளில் மாட்டிய பை முன்பக்கப் படத்தில் தாளின் வலப்புறம் இருக்கும், முதுகுப் படத்தில் இடப்புறம் வரும். குழம்பினால் ஒரு பிள்ளையை எழுந்து நிற்க வைத்துப் பையை மாட்டிச் சுற்றவிடுங்கள். நகலெடுக்க லைட் பாக்ஸ் வேண்டாம். வெயில் அடிக்கும் ஜன்னல் கண்ணாடியில் தாளை ஒட்டினால் போதும்.

முகபாவத்துக்கு ஒரு தாள்: கோபம், பயம், சிரிப்பு, அலுப்பு, பொய் சொல்வது, பசி. புருவத்தையும் வாயையும் மட்டும் மாற்றினால் பாதி வேலை முடிந்தது. கைக்குத் தனியாக ஒரு தாள். மாதிரிக்கு அவரவர் இடது கையே இருக்கிறது.

பத்தாவது வாரம்: இறுதிப் படம், கறைகள்

ஏ4 அல்லது ஏ3 தாளில் முழு உருவம் ஒன்று. மேல் இடது மூலையில் தொடங்கிக் கீழ் வலதுக்கு மை போட்டு வந்தால் கை ஈரத்தில் படாது, இடக்கையர்களுக்கு மாற்றி. சொட்டு விழுந்தால் துடைக்கவே கூடாது. செய்தித்தாளின் மூலையால் உறிஞ்ச விட்டு, காய்ந்தபின் வெள்ளை போஸ்டர் கலரால் மூடலாம். பெரிய கறையென்றால் அதே தாளில் ஒரு துண்டு வெட்டி மேலே ஒட்டி அதில் வரையலாம். அச்சுக்காக வரைந்தவர்கள் காலம் காலமாகச் செய்ததுதான். பிள்ளைகள் தாளில் நீங்கள் கை வைக்காதீர்கள். எவ்வளவு கை அரித்தாலும் பக்கத்தில் தனித்தாளில் போட்டுக் காட்டுங்கள். படம் முடிந்ததும் பிரஷைக் கழுவ மறந்தால் அடுத்த வாரம் அது குச்சிதான்.

இன்னொன்று: தை பிறந்துவிட்டால் பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் வகுப்புக்கு வராது. பத்து வாரத்தை ஆடியில் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம்.

அந்தப் பையன் தன் படத்தை முடித்ததும் ஓ.டி.க்குக் கொண்டுபோய் ஐஸ் அண்ணனிடமே காட்ட வேண்டும் என்றான். போனோம். அவர் ஈரக் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு, தாளைத் தொடாமல் குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நல்லாருக்கு தம்பி. ஆனா நான் வலது தோள்லதான் தூக்குவேன். சாக்க இடது பக்கம் போட்டுட்டியே" என்றார். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டும்போது தாளைத் திருப்பி ஒட்டியிருக்கிறான். நானும் கவனிக்கவில்லை. பையன் படத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "வேற பேப்பர் இருக்கா சார்?" என்று அங்கேயே ஒரு மீன் பெட்டி மேல் உட்கார்ந்தான்.